இராசாளி வளர்த்தோர்

சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலில் குடமுழுக்கு நிகழும் நாளில், கலசங்களில் நீர் சொரியும் வேளை நெருங்க நெருங்க, கூடியிருப்போர் கண்கள் கோபுரத்தை விட்டு வானத்தை நாடுவதைக் காணலாம். அவ்வேளையில் கருடன் வந்து வட்டமிட வேண்டும் என்பது நம் மக்களின் நம்பிக்கை. சிங்கப்பூரின் கடற்கரையும் ஆற்று முகமும் செம்பருந்துக்கு உகந்த வாழிடங்கள். ஆகவே அது வருவதில் வியப்பொன்றும் இல்லை. அதன் வெண்ணிறத் தலையையும் செங்காவி உடலையும் கண்டு கைகூப்பாத தமிழர் அரியர். இதே பறவைதான் 1976 முதல் 1984 வரை வெளியான சிங்கப்பூர்ப் பறவை வரிசைப் பணத்தாள்களில் ஆயிரம் வெள்ளித் தாளை அணி செய்தது. பத்தாயிரம் வெள்ளித் தாளில் வெண்மார்புக் கடற்கழுகு இருந்தது. அவற்றைக் கையால் தொட்டுப் பார்த்தோர் நம்மில் எத்தனை பேர் என்பது வேறு கதை.

கருடனை அறிந்த அளவுக்கு அதன் உறவினங்களை நாம் அறிந்தோமா? தமிழில் அவற்றுக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. பருந்து, எழால், எருவை, பாறு, வல்லூறு, பைரி, இராசாளி எனப் பெயர்கள் நிரம்ப உண்டு. ஆயினும் இன்றைய வழக்கில் ஏறத்தாழ எல்லாமே 'கழுகு' என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிட்டன. பிணம் தின்று வாழும் பாறும் கழுகு. மீன் பிடித்து உண்ணும் கடற்பறவையும் கழுகு. பெயர் மயங்கிய இடத்தில் பறவையும் மறைந்தால் அதனைக் கவனிப்பார் யார்? மாறாக, ஒரு பறவையின் இனம், பருவம், பால், உடல் எடை, மனநிலை ஆகிய ஒவ்வொன்றையும் அறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருந்த ஒரு கூட்டத்தார் உலகில் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்களே வேட்டைப் பறவை பழக்குவோர். உயிரைக் கொல்லும் பொருட்டுப் பறவையைப் பழக்கியவர்களே அப்பறவை இனத்தை அழிவினின்றும் மீட்டனர் என்னும் முரண்பாடு இந்நூற்றாண்டுக்கும் சென்ற நூற்றாண்டுக்கும் உரிய வரலாறு. அவ்வரலாற்றின் கிளைகளுள் சில தமிழகத்தையும் சிங்கப்பூரையும் தொடுகின்றன.

முதலில் கலையின் இயல்பை நோக்குவோம். இராசாளியை அடித்துப் பழக்க இயலாது. நாயைப் போல அது தலைவனுக்கு அடங்குவதில்லை. யானையைப் போல அங்குசத்துக்கும் அஞ்சுவதில்லை. பறவையின் கண்ணைத் தோற்குல்லாயால் மறைத்து, காலில் மெல்லிய தோல்வார் பூட்டி, உறையிட்ட கையில் மணிக்கணக்காக ஏந்தி நின்று, சிறுகச் சிறுக இறைச்சி ஊட்டி அச்சத்தைப் போக்குவதே முறை. பின்னர் நீண்ட கயிற்றில் கட்டிப் பறக்க விடுவர். இறுதியில் கயிறும் அகற்றப்படும். அந்தக் கணத்தில் பறவை விரும்பினால் போய்விடலாம். அது திரும்பி வருமானால், வளர்த்தவன் கையில் உணவு உண்டு, தீங்கு இல்லை என்று தேர்ந்தே வருகிறது. ஒவ்வொரு நாளும் பறவையை நிறுத்து எடை பார்த்தல் இக்கலையின் கட்டாய விதி. சற்று மிகுந்தால் பறவை வராது. மிகக் குறைந்தால் நோயுறும். இத்தகைய நுண்கணக்கை வாழ்நாள் முழுதும் பயின்றவன் பறவையின் நலத்தை மருத்துவனைவிட விரைவில் உணர்வான் என்பதில் ஐயமில்லை.

இக்கலை இந்திய மண்ணுக்குப் புதியதன்று. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய 'மானசோல்லாசம்' அரசர்க்குரிய பொழுதுபோக்குகளுள் ஒன்றாக இதனை விரித்துரைக்கிறது. குமாவோன் நாட்டு உருத்திரதேவன் பெயரால் வழங்கும் 'சைனிக சாத்திரம்' முற்றிலும் இதற்கென்றே அமைந்த வடமொழி நூல். அதனை அரப்பிரசாத சாத்திரியார் 1910-இல் பதிப்பித்து ஆங்கிலத்திலும் தந்தார். முகலாயர் அவையில் இக்கலை உச்சம் பெற்றது. அண்மைக் காலம் வரை அதனைப் போற்றிய சமத்தானங்களுள் கத்தியவாரின் பவநகர் ஒன்று. அவ்வரச குலத்துத் தருமகுமாரசிங்கர் இராசாளி பழக்குவதில் வல்லவர். அவரே பின்னாளில் சௌராட்டிரப் பறவைகளைப் பற்றி 1955-இல் பெருநூல் எழுதிய பறவையியலாராகவும் விளங்கினார். அவர் தமையனார் கிருட்டிணகுமாரசிங்கர் 1948 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்ததை முதியோர் சிலர் நினைவு கூரக்கூடும்.

ஐரோப்பாவில் துப்பாக்கி பெருகியதும் பறவை கொண்டு வேட்டையாடும் வழக்கம் அருகிற்று. வேட்டைக்குப் போட்டி என்று கருதிய நிலக்கிழார்களின் காவலர்கள் பருந்தினங்களைக் கண்ட இடத்திலெல்லாம் சுட்டு வீழ்த்தினர். கலையும் பறவையும் ஒருங்கே அழியும் நிலையில்தான் சங்கங்கள் தோன்றின. இங்கிலாந்தில் 1864-இல் பழைய பருந்து வேட்டைச் சங்கமும், அது கலைந்தபின் 1927-இல் பிரித்தானிய இராசாளி வளர்ப்போர் சங்கமும் அமைந்தன. வட அமெரிக்கச் சங்கம் 1961-இல் எழுந்தது. இவை பெருஞ்சங்கங்கள் அல்ல. கைவிரல் விட்டு எண்ணத்தக்க சிலர் ஆண்டுக்கொரு முறை ஒரு புல்வெளியில் கூடித் தம் பறவைகளைப் பறக்க விட்டு, மாலையில் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டு பிரிந்தனர். வெளியார் கண்ணுக்கு இது செல்வரின் வீண் பொழுதுபோக்காகவே தோன்றியது. அவ்வாறு தோன்றியதில் பாதி உண்மையும் உண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது செய்தி கொண்டு செல்லும் புறாக்களை இராசாளி கொல்லுகிறது என்று கூறிப் பிரித்தானிய வான்படை அமைச்சு ஏறத்தாழ 600 இராசாளிகளைக் கொல்லச் செய்தது. போர் முடிந்தது, பறவை மெல்லத் தலையெடுத்தது. 1960-ஆம் ஆண்டளவில் பந்தயப் புறா வளர்ப்போர், இராசாளிகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன, அவற்றுக்குரிய பாதுகாப்பை நீக்குக என்று அரசிடம் முறையிட்டனர். உண்மை நிலையைக் கணக்கெடுக்கும் பொறுப்பு டெரிக் இராட்கிளிஃப் என்னும் இயற்கையியலாரிடம் வந்தது. அவர் பாறை பாறையாக ஏறிப் பார்த்துக் கண்டது நேர்மாறான செய்தி. பல தலைமுறையாகக் கூடிருந்த பாறைகள் வெறுமையாயிருந்தன. இருந்த கூடுகளிலும் முட்டைகள் உடைந்து கிடந்தன. அருங்காட்சியகப் பேழைகளில் கிடந்த பழைய முட்டைகளோடு புதியவற்றை ஒப்பிட்டு, 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது என்று 1967-இல் அவர் நிறுவினார். வயலில் தெளித்த டி.டி.டி. பூச்சியின் உடலிலிருந்து சிறு பறவைக்கும், சிறு பறவையிலிருந்து இராசாளிக்கும் ஏறிச் சேர்ந்து, தாய்ப்பறவை அடைகாக்க அமரும்போதே முட்டை நொறுங்குமாறு செய்துவிட்டது. புறாவுக்காகத் தொடுத்த வழக்கில் பருந்துக்குச் சாதகமான தீர்ப்பு வந்தது போலாயிற்று இது. சிபியின் கதையைப் படித்த நமக்கு இத்தீர்ப்பு அந்நியமன்று.

அட்லாண்டிக்கின் மறுகரையில் நிலைமை இன்னும் கொடிது. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டும் இராசாளி இணை ஒன்றுகூட எஞ்சவில்லை. 1972-இல் டி.டி.டி.யைத் தடை செய்தனர். ஆனால் நஞ்சு நீங்கிய வானத்திற்குத் திரும்பப் பறவை எங்கே? இங்கேதான் சங்கத்தாரின் கை தேவைப்பட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டாம் கேட் இளமை முதல் இராசாளி வளர்த்தவர். அவர் 1970-இல் 'இராசாளி நிதியம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். கூண்டில் இராசாளியைப் பெருக வைக்க முடியாது என்பது அக்காலத்துப் பொதுக் கருத்து. நாடெங்கும் இருந்த வளர்ப்போர் தம் அருமைப் பறவைகளை இனப்பெருக்கத்திற்கென அவரிடம் ஒப்படைத்தனர். ஆண்டுக்கணக்கில் தோளோடு தோளாகப் பழகிய ஒரு பறவையைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது எளிய செயலன்று.

பறவை பொரித்தது. அடுத்த சிக்கல், கூண்டில் பிறந்த குஞ்சுக்கு வேட்டை கற்பிப்பது யார் என்பது. அதற்கும் விடை பழைய கலையிலேயே இருந்தது. பறக்கத் தொடங்கும் பருவத்துக் குஞ்சுகளை உயர்ந்த மேடையில் ஒரு பெட்டியில் வைத்து, மனிதர் முகம் காட்டாமல் உணவிட்டு, கதவைத் திறந்துவிட்டு, அவை தாமே வேட்டையாடக் கற்கும் வரை உணவை நிறுத்தாமல் வைப்பது இடைக்கால வளர்ப்போர் கண்ட முறை. குஞ்சுக்கு உடல் வலிமை ஏற்பட்டபின் மீண்டும் பிடித்துப் பழக்குவதற்காக அவர்கள் அவ்வாறு செய்தனர். டாம் கேட்டின் குழுவினர் செய்த மாற்றம் ஒன்றே: மீண்டும் பிடிக்கவில்லை. 1974 முதல் 1997 வரை அந்நிதியம் 4,000-க்கு மேற்பட்ட இராசாளிகளை இவ்வாறு வானில் விட்டது. பாறை முகடுகளைப் போலவே நகரத்து உயர்மாடங்களும் அவற்றுக்கு உகந்தனவாயின. 1970-களின் இறுதியில் பால்டிமோர் நகரத்து வானளாவி ஒன்றில் 'ஸ்கார்லட்' எனப் பெயரிடப்பட்ட பெண் இராசாளி குடியேறி, தனக்குப் பிறவாத குஞ்சுகளைத் தன் குஞ்சுகளாகப் பேணி வளர்த்தது. 1999-இல் அமெரிக்க அரசு அழிவின் விளிம்பிலுள்ள உயிரினப் பட்டியலிலிருந்து இராசாளியின் பெயரை நீக்கியது.

இவ்வளவும் கூறியபின், வளர்ப்போர் அனைவரும் தூயோர் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. கூட்டிலிருந்து குஞ்சும் முட்டையும் களவாடியவர்களும் அவர்களிடையே இருந்தனர். அரபு நாடுகளின் சந்தையில் கிடைக்கும் பெருவிலை, நடு ஆசியாவின் செர்க் இராசாளியை இன்றளவும் வாட்டி வருகிறது. அங்கேயே மாற்று முயற்சியும் உண்டு. அபுதாபியில் சேக் சாயித் 1995-இல் தொடங்கிய திட்டப்படி, வேட்டைப் பருவம் முடிந்ததும் பறவைகளை மருத்துவச் சோதனை செய்து காட்டுக்கே திருப்பி விடுகின்றனர். 2010-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் இக்கலையை மானிடப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. ஆசையும் அன்பும் ஒரே கையில் இருக்கும்போது எது வெல்லும் என்பது அந்தக் கைக்கு உரியவனைப் பொறுத்தது.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1990-களில் இந்தியாவின் பாறுகள் கொத்துக் கொத்தாக வீழ்ந்தன. வெண்முதுகுப் பாறு முதலிய மூவகை இனங்கள், பதினைந்தாண்டுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்தன. மரத்தில் அமர்ந்தவாறே கழுத்துத் தொங்கி நாட்கணக்கில் கிடந்து விழுந்து மடிந்தன. தொற்றுநோய் என்றே பலரும் எண்ணினர். மருமத்தை அவிழ்த்தவர் இலிண்ட்சே ஓக்சு என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவ அறிஞர்; அவரும் இராசாளி வளர்ப்பவர். முன்னர்க் கூறிய அதே இராசாளி நிதியத்தின் துணையோடு பாகிசுத்தானத்துப் பஞ்சாபில் இறந்த பாறுகளை அறுத்து ஆய்ந்தார். உள்ளுறுப்புகள் மேல் வெண்ணிறப் படிவு பூத்திருந்தது, சிறுநீரகம் பழுதுற்றிருந்தது. வலி தீர மாட்டுக்குக் கொடுக்கும் டைக்குளோஃபினாக் மருந்தே அதற்குக் காரணம் என்று 2004-இல் அறிவித்தார். மருந்து ஏற்ற சில நாளில் மாடு மடிய, அதன் உடலைத் தின்ற பாறும் மடிந்தது. 2006-இல் இந்திய அரசு கால்நடைக்கு அம்மருந்தைத் தடை செய்தது. அரியானாவின் பிஞ்சோரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நடத்தும் பாறு வளர்ப்பு நிலையத்திற்கு அறிவுரை நல்கியவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் நியூவென்டில் 1967-இல் தொடங்கப்பட்ட இராசாளி நிலையத்தைச் சார்ந்த செமைமா பாரி சோன்சு என்னும் அம்மையார். ஆங்கில நாட்டுப் புல்வெளியில் பொழுதுபோக்காக வளர்ந்த ஒரு கைத்திறன், இந்தியச் சிற்றூரின் செத்த மாட்டருகே வந்து நின்ற வகை இது.

தமிழகத்துக்கு இவ்வழிவு வெறும் புள்ளிவிவரமன்று. திருக்கழுக்குன்றம் என்னும் ஊரின் பெயரே அதற்குச் சான்று. வேதகிரி மலைமேல் நாள்தோறும் நண்பகலில் இரண்டு மஞ்சள்முகப் பாறுகள் வந்து பண்டாரம் அளிக்கும் அமுதை உண்டு சென்றதைக் கண்ணாரக் கண்டவர்கள் இன்றும் வாழ்கின்றனர். காசியில் நீராடி, கழுக்குன்றில் உண்டு, இராமேசுவரத்தில் தங்கும் முனிவர்களே அவை என்பது மரபு வழி வந்த கதை. சென்ற நூற்றாண்டு முடிவதற்குள் வருகை நின்றது. உண்ண வந்த பறவைக்கு ஊர்ப்பெயரில் இடம் அளித்த ஒரு மக்கள் கூட்டம், அது வராமற்போன போது காரணம் தேடியதைவிடக் கலிகாலம் என்று பெருமூச்செறிந்ததே மிகுதி. இன்று நீலகிரி அடிவாரத்தில், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடைப்பட்ட மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகள் சில நூறு அளவிலேயே உள்ளன. தென்னிந்தியாவில் அவற்றுக்கு முதன்மையான புகலிடம் அதுவே. அதனைக் காக்க முனைந்த தொண்டர்கள் முதலில் செய்த வேலை எது தெரியுமா? 'பாறு' என்னும் பழஞ்சொல்லை மீட்டு ஊர் ஊராகச் சென்று மக்களிடம் வழங்கச் செய்ததே. தமிழாசிரியர் எவரும் இதனைச் சிறு செய்தியாகக் கொள்ளமாட்டார்.

1972-இல் இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்நாட்டில் பறவை வேட்டைக் கலை முடிவுற்றது. பீகாரின் மீர்சிகார் என்போர் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்துப் பழக்கியவர். அவர்தம் பெயரே பாரசீகத்தில் வேட்டைத் தலைவன் எனப் பொருள்படும். அக்குலத்தினராகிய அலி உசேன், சாலிம் அலியின் அழைப்பை ஏற்றுப் பம்பாய்க் கழகத்தில் சேர்ந்து, கொல்லாது காயமின்றிப் பறவையைப் பிடித்துக் காலில் வளையமிடும் ஆய்வுப் பணிக்குத் தம் குலத்தொழிலை உதவினார். நம் கோடியக்கரையின் உப்பங்கழிகளிலும் அப்பணி நிகழ்ந்தது. சட்டம் ஒரு கலையை நிறுத்தியது சரியே. ஆனால் அக்கலையினரின் அறிவையும் சேர்த்துப் புதைக்காமல் ஓரளவேனும் காத்துக்கொண்டது சாலிம் அலியின் பெருந்தன்மை என்பேன்.

சிங்கப்பூரில் காட்டுப் பறவையைப் பிடித்து வளர்ப்பதைச் சட்டம் விலக்குகிறது. எனவே, இக்கலையை இங்குள்ளோர் கண்டது பெரும்பாலும் சூரோங் பறவைப் பூங்காவில்தான். 1971 சனவரி 3-ஆம் நாள் திறந்து, 2023-இல் அதே சனவரி 3-ஆம் நாள் மூடப்பட்ட அப்பூங்காவின் 'வானத்து வேந்தர்' காட்சியில், உறையணிந்த கையை உயர்த்தியதும் கழுகு பறந்து வந்து அமர்வதைக் கண்டு குழந்தைகள் ஆரவாரித்தனர். கிளியைக் கொண்டு ஏடெடுக்கும் சோதிடரைத் தேக்கா வட்டாரத்தில் கண்டு பழகிய நம் கண்ணுக்கு, பருந்தையும் இவ்வாறு பழக்கலாம் என்பது புதுமையாகவே இருந்திருக்கும். பூங்கா இப்போது மண்டாய்க்கு இடம் பெயர்ந்து புதுப்பெயரோடு 2023 மே முதல் இயங்குகிறது. காட்சிக்கு அப்பாலும் அத்தகைய கைத்திறனுக்கு வேலை உண்டு. 2021 திசம்பர் இறுதியில் இமயத்துப் பாறுகளின் கூட்டத்தோடு வழிதவறி வந்த ஒரு கரும்பாறு, பூமலை அருகே சோர்ந்து கிடந்தது. அதனை மீட்டுச் சூரோங்கில் வைத்து உணவூட்டித் தேற்றி, அடுத்த மாதம் வானில் விட்டனர். நாட்டில் அவ்வினம் காணப்பட்டது அதுவே முதன்முறை.

இராசாளியும் சிங்கப்பூருக்குப் புதிய விருந்தன்று. வடக்கே கடுங்குளிர் தொடங்கியதும் தென்திசை நாடி வரும் இராசாளிகள் ஐப்பசி முதல் பங்குனி வரை நம் வானளாவிகளின் விளிம்புகளில் அமர்வதுண்டு. இந்தியத் துணைக்கண்டத்துக்கும் இலங்கைக்கும் உரிய கருமை மிக்க இனவகையை வளர்ப்போர் 'சாகீன்' என்பர். 1837-இல் அதற்கு அறிவியல் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் சுண்டவால் ஆதாரமாகக் கொண்டது, இலங்கைக்கும் சுமத்திராவுக்கும் இடையே நடுக்கடலில் ஒரு கப்பலில் பிடிபட்ட இளம்பறவை. நாகப்பட்டினத்திலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் புறப்பட்ட நம் முன்னோர் இத்தீவை நோக்கி வந்த கடற்பரப்பும் அதுவே.

2025-இல் வெளிவந்த செய்தி அதனினும் பெரியது. நகர நடுவே, 1976-இல் எழுந்த 52 மாடி ஓசிபிசி நிலையத்தில் தென்கிழக்காசிய இனவகையைச் சேர்ந்த இராசாளி இணை ஒன்று கூடு கொண்டிருப்பது பதிவாயிற்று. இராசாளி சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. பாறை விளிம்பில் சிறு குழி பறித்து முட்டையிடும். கட்டட விளிம்பு அதற்குப் பாறையாயிற்று. அக்கட்டடம் நிற்கும் தெரு சூலியா தெரு. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம் வணிகர்க்குச் சூலியர் என்று பெயர். சோழர் என்னும் சொல்லின் திரிபு அது என்பர். அதனை அடுத்த மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. நகர்ப்புதுக்கத்தில் அவை மறைந்தன. புறாவின் பொருட்டுத் தன் உடலை அரிந்து பருந்துக்கு ஈந்த சிபியைச் சோழர் தம் குலமுதல்வனாகக் கொண்டாடியதைப் புறநானூறு கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைப்பர். சோழர் பெயர் சுமந்த தெருவின் உச்சியில் இன்று பருந்தினத்து வேந்தன் ஒருவன் நகரத்துப் புறாக்களையும் மைனாக்களையும் வேட்டையாடித் தன் குடும்பத்தைக் காத்து வருகிறான். அந்த விளிம்பைத் தேசியப் பூங்காக் கழகத்தாரும் கட்டட உடைமையாளரும் தொலைவிலிருந்து கண்காணித்து வருகின்றனர்.